சாயங்காலப் பாலில் ஆறில் ஒரு பங்கு

என் கமலா,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? நீ அடுப்படியில், நான் வாசலில். கூப்பிட்டால் கேட்கும் தூரம். இப்போது எவ்வளவு கூப்பிட்டாலும் கேட்காத இடத்துக்குப் போய்விட்டாய். ஊரார் படித்தாலும் படிக்கட்டும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அது ஏன் என்பது போகப் போக உனக்கே புரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. பசு நன்றாக இருக்கிறது, கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. தக்காளி இந்த முறை கைகொடுக்கவில்லை. தளிப் பக்கம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது, காலையில் உன் சால்வையைத்தான் நான் போர்த்திக்கொள்கிறேன். நம் பிள்ளை குமாருக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாறியிருக்கிறது. மருமகள் பாக்யாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குப் புதிதா என்ன? ஓசூர் கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலையே அதுதான். நல்ல உருப்படி என்று சொல்லி அனுப்புவதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும். நூறு வந்தால் அதில் எத்தனை கழிவு என்று சதவீதம் போட வேண்டும். காலம் பூராவும் அதையே செய்தவன், வேலையை விட்டு வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுவேனா? 'சாமியே வந்து வரம் குடுத்தாலும் இவரு எடை போட்டுத்தான் வாங்குவாரு' என்று உன் தங்கச்சியிடம் சொல்லிச் சிரிப்பாயே, அதை நான் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உன் காரியமெல்லாம் முடிந்து, மறுபடியும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தோம். காலைப் பால் எப்போதும் போலத்தான் இருந்தது. சாயங்காலப் பாலில்தான் வந்தது வினை. மெஷின் பார்க்கும் சாந்தி கேனிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து வைத்தாள், எண் வந்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூணு புள்ளி அஞ்சுதாங்க காட்டுது."

"நல்லாப் பாரும்மா. என் மாடு நாலு புள்ளி ஒண்ணு."

"உங்க மாடுன்னு மெஷினுக்குத் தெரியுங்களா? மூணு புள்ளி அஞ்சுதான்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மாமியாக்காரி போயிட்டா, இப்ப மருமவ இல்ல கறக்கறா" என்றாள் ஒருத்தி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தி முதலில் படிக்கிற எண் ஃபேட், அதாவது பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்பது. ஊரில் அதற்கு மேல் யாரும் காது கொடுப்பதில்லை. ஃபேட் ஏறினால் நல்ல மாடு. இறங்கினால் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் வரிசைக்கு இதுதான் சட்டம்.

என் 4.1 சும்மா வந்ததா? நான் போட்ட தீவனக் கணக்கு அல்லவா அது! தவிடு மூன்று பங்கு, சோள மாவு இரண்டு பங்கு, புண்ணாக்கு ஒரு பங்கு. கம்பெனியில் கற்ற விகிதத்தை எல்லாம் மாட்டுத் தொட்டியில் இறக்கினேன். வரிசையில் நின்று எத்தனை பேருக்கு விளக்கிச் சொல்லியிருப்பேன்! சிலர் அதேபோல் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு ஏறலீங்களே" என்று வந்தபோது, "அளவு சரியாப் போட்டிருக்க மாட்டீங்க" என்று திருப்பி அனுப்பினேன். நீ பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். வெற்றிலை போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.

அப்படிப்பட்ட 4.1 ஒரே வாரத்தில் 3.5 ஆனால் சும்மா விட முடியுமா? முதலில் மெஷின் மேல் சந்தேகம் வந்தது. மற்றவர்களுடைய எண் எதுவும் மாறவில்லை, ஆகவே மெஷினை விட்டேன். சாந்திக்கு என் மேல் ஏதாவது கோபமா என்று யோசித்தேன். அவள் பாட்டுக்குத் தெரிகிற எண்ணைப் படிக்கிறாள், அவளையும் விட்டேன். மாட்டு டாக்டர் வந்து மடியை அமுக்கிப் பார்த்து, "மாட்டுக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் என்னமோ" என்று சொல்லிவிட்டுப் போனார். புண்ணாக்குக் கடையை மாற்றினேன். அதற்கும் எண் அசையவில்லை.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அதே மாடு, அதே தீவனம், அதே மெஷின். காலைப் பாலில் மாற்றம் இல்லை, காலையில் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போய்விடுகிறேன். அப்போது கறப்பது பாக்யா. வேறு என்ன சாட்சி வேண்டும்?

கணக்கும் போட்டேன். 4.1 இருக்கிற பால் 3.5க்கு இறங்க வேண்டும் என்றால், கேனில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் இருக்க வேண்டும். ஆறு லிட்டர் கேனில் முக்கால் லிட்டருக்கு மேலே. கணக்குச் சரியாக வந்ததும் மனசுக்குள் ஒரு திருப்தி, கமலா. வெட்கம் கெட்ட திருப்தி. ஆனேக்கல்லில் இருந்து வந்த பெண், கன்னடக்காரி, குமார் கம்பெனியில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவள். நம் மாட்டின் அருமை அவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்குள் கல்யாணத்தன்றே இருந்தது. நீதான் அன்றைக்கே என் வாயை அடைத்தாய்.

ஒரு சாயங்காலம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். பாக்யா கொட்டகையில் நின்றிருந்தாள். கையில் சொம்பு, சொம்பில் தண்ணீர்.

"எவ்ளோ ஊத்தற?" என்றேன்.

"என்னா மாமா?"

"தண்ணி. எனக்குக் கணக்குத் தெரியும். முக்கா லிட்டருக்கு மேல ஊத்தற."

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது மடி கழுவறதுக்கு மாமா. பால்ல நான் ஒரு சொட்டு நீரு கலக்கல."

"அப்ப ஃபேட் எங்க போச்சி? உங்க அத்தை இருந்தப்ப நாலு புள்ளி ஒண்ணு. உன் கைக்கு வந்தப்பறம் மூணரை. எப்படி, சொல்லு."

"சொல்ல முடியாது மாமா" என்றாள்.

தெரியாது என்று சொல்லவில்லை, கவனித்தாயா? நான் கவனித்தேன். கம்பெனியில் தப்புப் பண்ணியவன்தான் இப்படிப் பேசுவான். அவ்வளவுதான், அவள் மாட்டிக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

குமார் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனிடமும் சொன்னேன். சதவீதத்தோடு சொன்னேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா படுக்கையில கெடந்தப்ப வேலைய உட்டுட்டு வந்து அள்ளிக் கொட்டனவப்பா அவ. அவளப் போயி பால்ல தண்ணி ஊத்தறான்னு சொல்றியே, உனுக்கு வாய் எப்படி வந்துச்சி?"

"நான் சொல்லலடா, கணக்கு சொல்லுது."

"கணக்கோடயே குடும்பம் நடத்து."

மறுநாள் காலையில் பாக்யா ஆனேக்கல் பஸ் ஏறிவிட்டாள். குமாரும் ஷிப்ட் முடிந்தால் அங்கேதான் போகிறான். வீட்டில் நானும் மாடும் உன் படமும். படத்தில் நீ சிரிப்பது போலவும் இருக்கிறது, சிரிக்காதது போலவும் இருக்கிறது. அதை எடுத்த ஸ்டுடியோக்காரன் மேல்கூட எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அன்று சாயங்காலம் நானே கறந்தேன். நானே கேனை மூடி, வண்டியில் கட்டி, கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். வழியில் யாரோடும் பேசவில்லை. இன்றைக்குப் பாருங்கடா என்று வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"மூணு புள்ளி அஞ்சு, எட்டு புள்ளி நாலு" என்று படித்தாள் சாந்தி.

"இப்ப யாருங்க தண்ணி ஊத்தனது?" என்று பின்னால் கேட்டார்கள். இந்த முறை ஒருவரும் ஒளிந்து சிரிக்கவில்லை.

நான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்து நின்றுவிட்டேன். சாந்தி எப்போதும் இரண்டு எண் படிக்கிறாள். முதல் எண்ணைக் கேட்டதும் நாங்கள் எல்லோரும் காதை மூடிக்கொள்கிறோம். இரண்டாவது எண், பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிச்சமிருக்கிற சத்து, நூற்றுக்கு எவ்வளவு என்பது. உன் காலத்தில் அது எட்டரை. இப்போது 8.4. அது கிட்டத்தட்ட அசையவே இல்லை.

தண்ணீர் பாரபட்சம் பார்க்குமா, கமலா? ஊற்றினால் கொழுப்பு எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் மற்றச் சத்தும் குறைந்தாக வேண்டும். 4.1 இருந்தது 3.5 ஆனால், எட்டரை இருந்தது ஏழேகாலுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. நூறு உருப்படியில் ஒரு கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான், தினமும் காதில் விழுந்த எண்ணைக் கேட்காமல் ஒரு பெண்ணைத் திருடி என்றேன்.

அந்தப் பெண் தண்ணீர் கலக்கவில்லை. மூன்றரைதான் நம் மாட்டின் உண்மையான பால். காலைப் பாலும் அதை ஒட்டித்தானே இருக்கிறது? சாயங்காலப் பாலில் கொழுப்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள், அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கேள்வியே கேட்டதில்லை. மூன்றரை உண்மை என்றால், பொய்யான எண் எது? இத்தனை காலமாக நான் மார்தட்டிக்கொண்ட 4.1.

அந்தப் பாலைக் கறந்தது யார்? நீ.

எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். பால்காரன், கடைக்காரன், பஸ் கண்டக்டர், பெற்ற பிள்ளை. உன்னை மட்டும் ஒரு நாளும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இல்லை. நீ போன பிறகு, பால் கேனோடு ஓரமாக நிற்கும்போது, முதல்முறையாக உன் மேல் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். மூன்றரையை 4.1 ஆக்க வேண்டுமென்றால் அதைவிடக் கெட்டியான பால் ஏதாவது சேர வேண்டும். எருமைப் பாலில் கொழுப்பு ஏழு இருக்கும். ஐந்து லிட்டர் பசும்பாலோடு ஒரு லிட்டர் எருமைப் பால் சேர்ந்தால்? ஐந்து மூன்றரை பதினேழரை, அதோடு ஏழு, மொத்தம் இருபத்து நாலரை. ஆறால் வகுத்தால் நாலு புள்ளி ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு. மற்றச் சத்து எருமைப் பாலில் ஒன்பது, அதையும் அதேபோல் போட்டுப் பார்த்தேன், அச்சாக எட்டரை. ஆறில் ஒரு பங்கு எருமைப் பால். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

ஏனென்றால் நம் தெருவில் எருமை இருப்பது ஒரே வீட்டில். என் தம்பி முனிராஜ் வீட்டில்.

அவனோடு பேச்சை நிறுத்தி எத்தனை வருஷம்? பொதுக் கிணற்றில் வந்த சண்டை. எனக்கு நிலம் மூன்று ஏக்கர், அவனுக்கு இரண்டு. தண்ணீரையும் மூன்றுக்கு இரண்டு என்று பிரிப்பதுதான் நியாயம் என்றேன் நான். கிணறு சரிபாதி, அதனால் தண்ணீரும் சரிபாதி என்றான் அவன். அப்புறம் என் முறையில் அவன் மோட்டார் போடுகிறான் என்று எனக்குச் சந்தேகம். கிணற்றில் கயிறு விட்டு அளந்தெல்லாம் பார்த்தேன். அந்தக் கணக்கில் நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவன் வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதை ஒத்துக்கொண்டாய் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இடித்தது. கேனில் எப்போதும் ஆறு லிட்டர்தான். ஒரு லிட்டர் எருமைப் பால் உள்ளே வந்திருந்தால், ஒரு லிட்டர் பசும்பால் வெளியே போயிருக்க வேண்டும். எங்கே போனது? யாருக்குக் கொடுத்தாய்? எனக்குத் தெரியாமல் என் வீட்டில் என்னதான் நடந்தது?

பதில் சொல்ல ஒரே ஆள்தான் இருக்கிறாள். தளியில் பஸ் மாறி ஆனேக்கல் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. பாக்யாவின் அம்மா வாசலில் நின்று, "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டாள். சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்கிறாள், ஆனாலும் அதில் குத்தல் ஏதாவது இருக்குமோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பசியோடு வந்த சம்பந்தியைப் பார்க்கிற முகம்தான்.

பாக்யா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"உங்க அத்தை முனிராஜ் வூட்ல எருமப் பால் வாங்கனாளா?" என்றேன்.

அவள் உட்கார்ந்தேவிட்டாள். "யாரு சொன்னாங்க மாமா?"

"யாரும் சொல்லல. கணக்குப் போட்டன். ஆறுல ஒண்ணு."

"அப்ப நான் சொல்லல" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்களாத்தான் கண்டுபுடிச்சீங்க. நான் சொல்லல. சரிதானா மாமா?"

"நீ சொல்லலம்மா."

அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். முனிராஜ் மகள் ஓசூரில் வேலைக்குப் போகிறாளே, அவள் குழந்தையை இங்கே அம்மா வீட்டில் விட்டிருக்கிறாள். குழந்தைக்கு எருமைப் பால் சேரவில்லை, குடித்தால் வயிறு உப்பிக்கொண்டு ராவெல்லாம் அழும். அவர்கள் வீட்டில் இருப்பதோ எருமை மட்டும். சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போனதும், நீ ஒரு லிட்டர் பசும்பாலை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவாயாம். சும்மா வாங்கிக்கொள்ள முனிராஜ் பெண்சாதி ஒப்பவில்லை, ஒரு லிட்டர் எருமைப் பாலைத் திருப்பி ஊற்றுவாளாம். நீ அதைக் கேனில் சேர்த்துவிடுவாய். நீ படுத்த பிறகு பாக்யாவை அனுப்பினாய்.

"அத்தே என் கையப் புடிச்சி சொன்னாங்க. மாமாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு வூட்டுக்கும் சண்ட வரும், கொழந்தைக்குப் பால் நின்னுடும், உன் வாயால மட்டும் சொல்லாதன்னு."

"அப்பறம் ஏன் நிறுத்தன?"

"அத்தே இருந்தப்ப, மாட்டிக்கினா அவங்க பாத்துக்குவாங்கன்னு தைரியம். இப்ப பின்வாசல்ல நீங்க என்னப் பாத்தா, நான் என்னான்னு சொல்றது? பயம் மாமா."

"அந்தக் கொழந்த இப்ப என்னா குடிக்குது?"

"எருமப் பால்லதான் சரிக்குச் சரி தண்ணி ஊத்திக் குடுக்கறாங்களாம்."

ஊரில் எங்கே தண்ணீர் கலக்கிறார்கள் என்று கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன், கமலா. என் தம்பி பேத்தியின் டம்ளரில். கலக்க வைத்தது நான்.

பாக்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை, வாயில் சரியாக வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். சரி மாமா, வரன் என்று உடனே பையைத் தூக்குவாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை.

"என்ன நீங்க வூட்டுக்குள்ள மட்டும் சொல்லல மாமா. சொசைட்டி வரிசையில எல்லாரும் என்னப் பத்திப் பேசறாங்க. நான் தண்ணி ஊத்தறவன்னு ஊரே சொல்லுது. அங்க நின்னு சொல்லுங்க. அப்பறம் வரன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்த பெண் எனக்கு நிபந்தனை போடுகிறாளே! அந்த வரிசையில் நின்று நான் என்னவென்று சொல்வது? என் தீவனக் கணக்கு சுத்தப் பேத்தல் என்று சொல்ல வேண்டும். என் பெண்சாதி என்னை ஏய்த்தாள் என்று சொல்ல வேண்டும். பேசாத தம்பி வீட்டுப் பாலில் மார்தட்டினேன் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று தளி வரும்வரை யோசித்தேன். குமாரின் செருப்புக் கழற்றாத காலையும், சொம்போடு நின்ற அவள் முகத்தையும் தவிர வேறு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் சொசைட்டிக்குப் போனேன். முனிராஜும் கேனோடு நின்றிருந்தான், வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்று தீவனப் பாடம் நடத்திய நாளெல்லாம் இவனும் இதே வரிசையில்தான் நின்றிருந்தான். என் 4.1 எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் மானம் கப்பலேறியிருக்கும். சண்டைக்காரன்தானே, ஏன் சொல்லவில்லை?

சாந்தி படித்தாள். "மூணு புள்ளி அஞ்சு, எட்டு புள்ளி நாலு."

நான் நகரவில்லை. திரும்பி வரிசையைப் பார்த்து நின்றேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த மூணு புள்ளி அஞ்சுதான் என் மாட்டுப் பாலு. இதுல தண்ணி இல்ல. என் மருமவ பாக்யா ஒரு நாளும் தண்ணி ஊத்தல. தண்ணி ஊத்தனா ரெண்டாவது நம்பரும் உழுந்திருக்கணும், உழல. தப்பு சொன்னது நான்தான்."

"அப்ப முன்ன எப்படிங்க நாலு புள்ளி ஒண்ணு வந்துச்சி?" என்று ஒரு பெண் கேட்டாள். மாமியாக்காரி, மருமவ என்று அன்றைக்குச் சொன்னாளே, அவளேதான்.

முனிராஜின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "என் தம்பி வூட்டு எருமப் பாலு. கமலா மாத்தி வாங்கி ஊத்திக்கினு இருந்தா. தீவனமெல்லாம் ஒண்ணுமில்ல."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சாந்திதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முனிராஜ் மெதுவாகத் திரும்பினான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு, நான் பார்க்கவே இல்லை. என்ன சொல்லப்போகிறானோ என்று சந்தேகத்தோடுதான் நின்றேன்.

"கேன மூடுண்ணா, ஈ உக்காருது" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நான் மூடினேன்.

குமார் காதுக்கு எப்படிச் செய்தி போனது என்று தெரியவில்லை. இந்த ஊரில் எந்தச் செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஒரு கணக்குப் போட வேண்டும். இன்று காலையில் பாக்யாவை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவள் பையை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குத்தான் போனாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது, ஆகட்டும்.

உன்னிடம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. பக்கத்துத் தெரு இல்லை, பகையாளி வீடு இல்லை, என் கூடப்பிறந்தவன் வீடு. அங்கே பசியோடு இருக்கிற பச்சைக் குழந்தைக்கு ஒரு லிட்டர் பால் கொடுக்க நீ பின்வாசலைத் தேடினாயே, நான் அவ்வளவு பயப்பட வேண்டிய ஆளாகவா இருந்தேன்? என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். உனக்கு அது தெரியும். அதுதான் கமலா, எனக்குத் தாங்கவில்லை. நான் உன்னைச் சந்தேகப்படவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேனே, நீ என்னை எத்தனை வருஷம் நம்பாமல் இருந்திருக்கிறாய்!

இனிமேல் யாரையும் சந்தேகப்பட மாட்டேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். அதனால் என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். இன்று சாயங்காலம் பாக்யா கறந்ததும், ஒரு லிட்டரைத் தூக்குப் போசியில் ஊற்றி வாங்கிக்கொண்டேன். பின்வாசல் பக்கம் போகவில்லை. முன்தெரு வழியாக, டீக்கடையைத் தாண்டி, எல்லோரும் பார்க்க நடந்து போய் முனிராஜ் வீட்டுப் படியேறினேன். குழந்தை யாரோ என்று மிரண்டு, பிறகு போசியைப் பார்த்துக் கையை நீட்டியது. நீ விட்டுப்போன அந்த ஒரு லிட்டரை, என் காலில் தெம்பு இருக்கிறவரை, தினமும் அந்த முன்தெரு வழியாகவே நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதும்,
உன் வீட்டுக்காரன், முனிராஜுக்கு அண்ணன்,
மாதப்பன்